கரடி விழாத பாலம்

மகள், நீ வருகிற திங்கட்கிழமை முதல் பிள்ளைகளின் தலையில் வயர்த் தொப்பி மாட்டுகிற வேலைக்குப் போகிறாய். மகன், நீ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டுச் செய்கிற கொம்பனியில் சேர்ந்து அதிக நாளாகவில்லை. நான் விட்ட வேலையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது போல இருக்கிறது. ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்களோடு புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.

சின்ன வயதில் உங்களிடம் யாராவது அப்பாவின் வேலையைக் கேட்டால், "மூளையைப் படிக்கிறவர்" என்று சொல்லுவீர்கள். நானும் திருத்தாமல் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உண்மையில் நான் தொப்பி கழுவுகிறவன். ஊரில் ஓ.எல். என்கிற பள்ளிக்கூடச் சோதனையில் கணக்கில் தவறியவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு படுக்கையறை வீட்டில் இருந்தபோது, பகலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பின்னேரத்தில் பல்கலைக்கழகக் கட்டடமொன்றில் நிலம் துடைத்தேன். அந்தக் கட்டடத்தில்தான் அந்த ஆராய்ச்சிக்கூடம் இருந்தது.

ஒருநாள் உள்ளே ஒரு பொடியன் கத்திக் குளறிக்கொண்டிருந்தான். தலையில் தொப்பியை வைக்க விடமாட்டேன் என்கிறான். குளியல் தொப்பி போல, ஆனால் நிறைய ஓட்டைகளும் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வயரும் உள்ள தொப்பி. நான் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய், கேட்காமலே இன்னொரு தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். வயர்களெல்லாம் காதுக்குப் பின்னால் தொங்கின. அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

அந்த ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்த மாணவி அதைக் கண்டாள். என்னைவிட வயதில் இளையவள், கதவு நிலையில் தலை இடிக்குமோ என்று நினைக்கிற அளவு உயரம். பிறகு அங்கே வந்த தமிழ்ப் பிள்ளைகள் அவளுக்கு நெட்டை மிஸ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வாரமே அவள் என்னைத் தன் உதவியாளாகக் கேட்டு எடுத்தாள். பிள்ளையின் தலையில் எதை வைக்கப் போகிறாயோ அதை முதலில் உன் தலையில் வைத்துப் பார் என்பதுதான் நான் அந்தத் தொழிலில் கண்டுபிடித்த ஒரே பாடம். அதைப் பெரிதாகச் சொல்லித் திரிந்தேன். எவ்வளவு தூரம் கடைப்பிடித்தேன் என்பதைக் கடைசியில் நீங்களே பாருங்கள்.

ஆராய்ச்சி இதுதான். பின்னக் கணக்குப் படிப்பிக்கிற ஒரு கொம்பியூட்டர் விளையாட்டு. திரையில் ஆறு ஓடும். பாலத்தில் ஒரு இடைவெளி இருக்கும். அரைப் பலகை, கால் பலகை, அரைக்கால் பலகை என்று துண்டுகள் கிடக்கும். சரியான துண்டுகளைத் தெரிவுசெய்தால் கரடி பாலத்தைக் கடக்கும். பிழைத்தால் தொப்பென்று தண்ணீரில் விழும். பிள்ளை விளையாடும்போது மூளையில் எழுகிற சின்ன மின் அலைகளைத் தொப்பி எடுத்துக் கொடுக்கும்.

நெட்டை மிஸ் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லித் தந்தாள். பதிலைத் தெரிவுசெய்த பிறகு கரடி கடக்குமா விழுமா என்று திரை காட்டுகிற கணத்தில், பிள்ளையின் மூளையில் "அட!" என்று ஒரு அலை எழும். முதல் நாள் அது பெரிதாக இருக்கும். கணக்குப் பிடிபடப் பிடிபடச் சின்னதாகும். அந்த அலை சின்னதாகிற விதத்தில்தான் படிப்பு நடக்கிறதா என்று அவள் பார்த்தாள். எத்தனை சரி, எத்தனை பிழை என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம்.

எனக்கோ அதுதான் முதலாம் பட்சம்.

ஆங்கிலம் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளும் வேண்டும் என்று அவள் சொன்னபோது, நான் எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் ஏறி இறங்கித் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுத்தேன். பெற்றோருக்குச் சொல்லச் சொல்லி அவள் ஒரு விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் வரட்டும். எந்த ஆயத்தமும் வேண்டாம்."

அந்த நாட்களில், எங்கள் கட்டடத்தில் இருந்த நிரோஷினி என்ற பிள்ளையின் தாய் ஒருநாள் லிப்ற்றுக்குள் என்னைப் பிடித்துக்கொண்டாள். கணவன் ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறுதான் வீடு. ஒரே பிள்ளைக்கு ஒன்பது வயது.

"அண்ணை, பள்ளிக்கூடத்திலை பிள்ளையைத் தனி வகுப்பிலை விடப் போறமெண்டு சொல்லுகினம். வாயே திறக்கிறாளில்லையாம். உந்த மெசின் பிள்ளைக்கு மூளை குறைவெண்டு காட்டிப்போட்டா நான் என்ன செய்யிறது?"

"அப்பிடியெல்லாம் காட்டாது தங்கச்சி."

"காட்டாதெண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

தெரியாது. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவன் என்ற மரியாதையோடு அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் அங்கை நிக்கிறன்தானே. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

அன்றைக்கே சீரியல் பெட்டி மட்டைகளை வெட்டிப் பலகைகள் செய்தேன். அரை, கால், அரைக்கால். நிலத்தில் விரித்த நீலத் துவாய்தான் ஆறு. சோடா மூடி கரடி. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை எங்கள் வீட்டு நிலத்தில் இருத்தி ரியூசன் தொடங்கினேன். மகள், நீ அப்போது தவழ்ந்து வந்து கரடிகளை வாயில் போட்டுக் கடிப்பாய். "அங்கிள், பேபி கரடியைத் திண்டிட்டுது!" என்று அவர்கள் கத்துவார்கள்.

உங்கள் அம்மா குசினிக்குள்ளிருந்து சொன்னா: "ஓ.எல்.லிலை கணக்குக் கோட்டை விட்டவர் ரொறன்ரோவிலை கணக்கு மாஸ்ரர்."

"நீர் சும்மா இரும்."

"இல்லை, அந்த ஆராய்ச்சிக்காரப் பெட்டை ஒண்டும் தெரியாமல் வரட்டுமெண்டெல்லோ சொன்னவ?"

"அது மரியாதைக்குச் சொல்லுறது. சாப்பாட்டுக்குக் கூப்பிடேக்கை, 'ஒண்டும் கொண்டு வராதேங்கோ, சும்மா வாங்கோ' எண்டு சொல்லுறேல்லையோ? அதுக்காக ஆரும் வெறுங்கையோடை போறமோ?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டா. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிள்ளைகளே, மற்ற ஆட்களின் நாட்டில் வேலை செய்யும்போது இதை மட்டும் மறக்காதீர்கள். சொல்கிறவர் சொன்னதையே கருதியும் சொல்லியிருக்கலாம்.

எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க் கரடியை விழ விடாமல் பாலத்தைக் கடத்தினார்கள். நான் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நெட்டை மிஸ்ஸின் முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை. வேறு பிள்ளைகளின் அலை பதிந்த தாள்களையும் எங்கள் பிள்ளைகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் நாளே எங்கள் பிள்ளைகளின் "அட" அலை படுத்துக் கிடந்தது.

நிரோஷினி வந்தது கடும் பனிக்காலத்தில். தாயை வெளியே கொரிடோரில் கதிரையில் இருத்திவிட்டுப் பிள்ளையை உள்ளே கூட்டிப் போனேன். இடுப்பு வரைக்கும் தலைமயிர். தொப்பி மாட்டி, வயர்த் தொடுப்புக்கு ஜெல் விட்டு, விளையாட்டைத் தொடங்கினோம். கரடி கடந்தது. மறுபடி கடந்தது. அலை எழவில்லை.

நெட்டை மிஸ் வெளியே வந்து, "தொடுப்பு சரியாகத்தான் காட்டுகிறது. பிறகு ஏன் இப்படி? எதையாவது தவற விடுகிறேனா?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது என்றுதான் அப்போது என்னிடமே சொல்லிக்கொண்டேன். ரியூசன் புள்ளியைக் கூட்டும், மூளைக்குள் போய் அலையை அடக்குமா என்ன? ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"எண்ணெய்" என்றேன். "எங்கள் ஆட்கள் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள். அதுதான் தடுக்கிறது."

நான்தான் தாய்மாருக்கெல்லாம் எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தவன். அவர்கள் நான் சொன்னதை ஒருபோதும் தட்டவில்லை. இருந்தும் சொன்னேன்.

மூலையில் தொப்பி கழுவுகிற தொட்டி இருந்தது. என் வழக்கமான றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைக் குனிய வைத்து, ஷாம்பூ போட்டுத் தேய்த்தேன்.

"அங்கிள், அம்மா நேற்றுத் தலை முழுக வாத்தவ. எண்ணெய் வைக்கேல்லை."

"தெரியும் பிள்ளை. கொஞ்சம் பொறு."

திரும்பத் தொப்பி. திரும்ப ஜெல். அலை படுத்தே கிடந்தது. நெட்டை மிஸ் உதட்டைக் கடித்தாள். நான் மறுபடியும் பிள்ளையைத் தொட்டிக்குக் கூட்டிப் போனேன். இந்தத் தடவை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அவளுடைய சின்னக் கைகள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. தோள் நடுங்கியது. அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அழவில்லை.

மூன்றாம் முறையும் ஒன்றும் மாறவில்லை. நெட்டை மிஸ் உள்ளே வந்து அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். "அலுப்பாக இருக்கிறதா என்று அவளைக் கேள்" என்றாள் என்னிடம்.

கேட்டேன். பிள்ளை எந்த ஒளிவுமில்லாமல் தமிழில் சொன்னாள்: "இது எங்களுக்குத் தெரியும்தானே அங்கிள். உங்கட வீட்டிலை செய்தனாங்கள். அங்கை சோடா மூடி, இங்கை கரடி."

"என்ன சொல்கிறாள்?" என்று நெட்டை மிஸ் கேட்டாள்.

அவள் கேட்டதற்கும் நான் வாய் திறந்ததற்கும் இடையில் ஒரு மூச்சு அளவு இடம்தான் இருந்தது. இந்தத் தொழிலில் பெரிய தீர்மானங்கள் எல்லாம் அந்த அளவு இடத்தில்தான் நடக்கும். "களைத்துப் போனாளாம்" என்றேன்.

நிரோஷினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறக்காத பிள்ளை என்று பள்ளிக்கூடம் சொன்னது உண்மைதான். ஆனால் அவளுக்குக் காது நன்றாகத் திறந்திருந்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னது அவளுக்கு விளங்கிவிட்டது.

நெட்டை மிஸ் கண்ணாடிக்கு வெளியே என்னைக் கூட்டிப் போய்ச் சத்தம் குறைத்துச் சொன்னாள்: "நான் வைத்தியர் இல்லை. ஆனால் கவனம் நிற்காத சில பிள்ளைகளில் இப்படி அடங்கிய அலையைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் ஏற்கெனவே ஏதாவது சொல்லியிருந்தால், தாய் ஒரு வைத்தியரிடம் காட்டுவது நல்லது. பயப்படுத்தாமல் சொல்லு."

அந்தத் தாய் லிப்ற்றுக்குள் பயந்த அதே சொல், இப்போது என் கையாலேயே அவளிடம் போய்ச் சேரப் போகிறது. என் ரியூசன் அந்தப் பிள்ளையைக் கெட்டிக்காரியாகக் காட்டவில்லை. மெசினில் குறையுள்ள பிள்ளையாகக் காட்டியிருக்கிறது. அப்போதாவது நான் திரும்பி மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கொரிடோருக்குப் போனேன்.

"என்ன அண்ணை சொல்லினம்?"

"எல்லாம் நல்லம் தங்கச்சி. பிள்ளை களைச்சுப்போனாள், அவ்வளவுதான்."

"நான் களைப்பெண்டு சொல்லேல்லை" என்றாள் நிரோஷினி. "அங்கிள் மிஸ்ஸுக்குப் பொய் சொன்னவர்."

தாயின் கை அவளுடைய கன்னத்தில் விழுந்தது. "பெரியாக்களைப் பொய்யெண்டு சொல்லுறியோ? அங்கிள் உனக்காக எவ்வளவு பாடுபடுறார், வாய்க்கொழுப்போ உனக்கு?"

பிள்ளை அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஈரமான பின்னலிலிருந்து சட்டையில் தண்ணீர் சொட்டியது. பெரியவர் சொன்னால் சரி என்று எங்கள் ஆட்கள் பிள்ளை வளர்க்கிறார்கள். அந்த வளர்ப்பு எனக்காக அவளுக்கு அடித்தது.

தாய் மறுபடி கையை ஓங்கினாள். "தங்கச்சி, அடியாதேங்கோ" என்றேன். "அவள் சொன்னது உண்மை. பொய் சொன்னது நான்."

தாய் ஓங்கிய கையை இறக்க மறந்து நின்றாள். நான் உள்ளே திரும்பிப் போனேன்.

மாதா கோயிலில் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது லேசு. அங்கே இடையில் ஒரு தட்டி இருக்கும். நெட்டை மிஸ்ஸுக்கு முன்னால் தட்டி இல்லை, என்னிடம் ஆங்கிலமும் போதவில்லை. மட்டைப் பாலத்தைக் கைச்சைகையால் காட்டினேன். சனிக்கிழமைகளைச் சொன்னேன். எண்ணெய் இல்லை என்று சொன்னேன்.

"எந்தப் பிள்ளைகள்?"

"எல்லாரும். நான் கொண்டு வந்த எல்லாரும்."

அவள் மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். அந்தப் பனிக்கால வேலை முழுவதும் அதில் கிடந்தது. ஏசுவாள், கத்துவாள் என்று நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "தாயிடம் வைத்தியரைப் பற்றிச் சொன்னாயா?"

"இல்லை."

"அது ஒன்றாவது நல்லது. இரண்டு பேரையும் உள்ளே கூப்பிடு."

தன் ஆராய்ச்சி போனதைப் பற்றி யோசிக்க அவளுக்குப் பிறகு நிறைய நேரம் இருந்தது. பிள்ளையை அந்தக் கொரிடோரில் அப்படி விட்டு வைக்க நேரமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அவளிடம் கற்றது அலைகளைப் பற்றியல்ல, இதைத்தான். வேலை கவிழ்ந்தால் முதலில் யார் தண்ணீருக்குள் கிடக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

மிஸ் நிரோஷினியைத் திரைக்கு முன்னால் இருத்தி, அவளுடைய அலையைக் காட்டினாள். நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அலை எழும்பாதது, உனக்கு முதலே தெரிஞ்சபடியாலை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை எண்டு மிஸ் சொல்லுறா."

"இல்லை அங்கிள். 'நீ சரியாச் சொன்னாய்' எண்டும் சொன்னவ. அதை நீங்கள் விட்டிட்டியள்."

"ஓம். நீ சரியாச் சொன்னாய் எண்டும் சொன்னவ."

தாய் திரையைக் கையால் காட்டிக் கேட்டாள்: "அப்ப மெசின் என்ரை பிள்ளைக்கு நல்ல மூளையெண்டு சொல்லுதோ?"

நெட்டை மிஸ் யோசித்துத்தான் பதில் சொன்னாள்: "இந்த மெசினுக்கு அதைச் சொல்லத் தெரியாது. இந்தக் கணக்கு அவளுக்கு முதலே தெரியும் என்பது மட்டும்தான் இதற்குத் தெரியும்."

'நல்ல மூளையாம் தங்கச்சி' என்று சொல்ல வாய் உன்னியது. அந்தத் தாய் சிரித்திருப்பாள். நான் செய்ததும் பாதி மறந்திருக்கும். பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டை மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"சரி" என்றாள் தாய். தன் சால்வையால் பிள்ளையின் தலையைத் துவட்டினாள். அடித்த கன்னத்தைப் புறங்கையால் ஒருமுறை தடவினாள். பிள்ளையின் பனித் தொப்பியையும் கம்பளிக் கையுறைகளையும் போட்டுவிட்டாள். நான் லிப்ற் வரைக்கும் பின்னால் போனேன். எங்கள் ஆட்கள் யாரும் "போட்டு வாறம்" என்று சொல்லாமல் புறப்பட மாட்டார்கள். அவள் சொல்லவில்லை. கதவு மூடியது.

நெட்டை மிஸ் புறப்படும்போது, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். விருந்துக்கு வெறுங்கையோடு போகாத கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நான் சொன்னதையே கருதித்தான் சொன்னேன்" என்றுவிட்டுப் போனாள். எங்கள் பிள்ளைகளின் தாள்கள் எல்லாம் எறியப்பட்டன. அவளுக்கு இன்னொரு பனிக்காலம் தேவைப்பட்டது. என்னை ஏன் வேலையில் வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கனகாலத்துக்கு என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை, அது நியாயம். நிரோஷினியைத் தனி வகுப்பில் விட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதவைத் தட்டிக் கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. பல வருடத்துக்குப் பிறகு அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் தாயைக் கண்டேன். "சுகமோ அண்ணை" என்றாள். நான் "ஓம்" என்றேன். பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் காசு கட்டப் போய்விட்டேன்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நடந்ததை உங்கள் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழுவி வைக்கத் தொட்டிக்குப் போனேன். விளிம்பில் நீளமாக ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தது. வழக்கம் போலக் கையுறையைப் போட்டுக்கொண்டு பைப்பைத் திறந்தேன். பிறகு, ஏனென்று தெரியாது, கையுறைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அவள் குனிந்த மாதிரிக் குனிந்து, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பைப்புக்குக் கீழே கொடுத்தேன்.

தண்ணீர் பனிக்கட்டி போல விழுந்தது. மண்டைக்குள் ஊசி குத்தியது. தொழில் தொடங்கிய நாளிலிருந்து கையுறையோடு கழுவிய எனக்கு அந்தப் பைப்பில் சுடுதண்ணீர் வருவதில்லை என்பது தெரிந்திருக்கவில்லை. ஷாம்பூவை எடுத்து, அவளுக்குத் தேய்த்த அதே அழுத்தத்தில் தேய்த்தேன். கழுவிவிட்டு மறுபடியும் தேய்த்தேன். என் தோள் நடுங்கத் தொடங்கியது.

குளிருது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்ணெய் வைக்கேல்லை என்று மட்டும்தான் சொன்னாள்.